முள்ளுக்காட்டு இன்ஜினியர்

ஊரில் என் அண்ணியைப் பற்றி இரண்டு கதை ஓடுகிறது. ஒன்று, அவளுக்குக் கிறுக்கு. பிள்ளைகளுக்கு வரவேண்டிய பூங்காவை மறித்துக்கொண்டு நின்றவள். இன்னொன்று, அவள் ஒரு தெய்வப்பிறவி; செடிகொடிகளோடு பேசுகிறவள். இரண்டுமே பொய். செடியோடு பேசுகிறாளாம்! வீட்டில் மனுஷர்களோடு பேசவே அவளுக்கு நேரம் இருந்ததில்லை. நாத்தனார் என்றால் அண்ணியைக் குறை சொல்லத்தான் வாயைத் திறப்பாள் என்று நினைப்பீர்கள். தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கூரையின் கீழ் இருந்து பார்த்தவள் நான்; பார்த்ததைத்தான் சொல்வேன்.

அவள் நகரசபையில் இன்ஜினியர். அணையோ பாலமோ கட்டியவள் இல்லை, சாக்கடை கட்டியவள். தெருவில் விழுகிற மழைத் தண்ணீரை எந்தப் பக்கம் திருப்புவது, கால்வாயை எவ்வளவு அகலத்துக்கு வெட்டுவது, குழாயை எந்தச் சரிவில் போடுவது, இதுதான் அவள் வேலை. என் அண்ணன் அச்சகத்தில் வேலை பார்த்தான். கல்யாணமாகி அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கொண்டுவந்த சாமான்களில் பெரியது ஒரு வரைபலகை. அது முன்னறை ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. என் தையல் மிஷினுக்கு வந்துகொண்டிருந்த வெளிச்சம் போயிற்று. எங்கள் முதல் சண்டை அந்த ஜன்னலுக்காகத்தான். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணன்தான் பாவம், மிஷினை அந்தப் பக்கமும் பலகையை இந்தப் பக்கமும் நகர்த்தி நகர்த்தியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், தெரு முடிகிற இடத்தில் ஒரு சரிவு ஏறும். அதில் இருப்பதைக் காடு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நிமிர்ந்து பார்க்கிற மாதிரி மரம் ஒன்றுகூடக் கிடையாது. இடுப்பளவு முட்புதர், பாறை, பாறை இடுக்கில் கம்பி போல விறைத்த புல், சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக இலை. நிழலும் இல்லை, பறித்துத் தின்னப் பழமும் இல்லை. வருஷத்தில் பாதி நாள் செத்த மாதிரியே கிடக்கும். உள்ளே ஓணானும் எறும்பும், கண்ணுக்குத் தெரியாமல் கத்துகிற ஒரு சின்னக் குருவியும் இருக்கும். உடைந்த வாளியை வீச வேண்டும் என்றால் நாங்கள் அங்கேதான் வீசுவோம்.

அண்ணி வேலைக்குச் சேர்ந்த புதிதில் நகரம் முழுவதையும் அளந்து புது வரைபடம் போட்டார்கள். எங்கள் பக்கம் அவள் பங்குக்கு வந்தது. அளவு நாடாவையும் முளைக்குச்சிகளையும் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறி இறங்கினாள். மாலையில் போட்ட உடுப்பு கந்தலாக வருவாள். "உங்களுக்கு இனிமே நான் கோணிப்பையிலதான் தைக்கணும் அண்ணி" என்று திட்டிக்கொண்டே தைத்துக் கொடுப்பேன்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வரைபடத்தில் வீட்டுக்கு ஒரு குறி, கிணற்றுக்கு ஒரு குறி, பெரிய மரத்துக்கு ஒரு வட்டம். இடுப்பளவு புதருக்கு என்று குறி கிடையாது. குறி இல்லாததை வரைகிறவர்கள் அப்படியே வெள்ளையாக விட்டுவிடுவார்கள். வெள்ளையாக விட்டால் மறந்துபோனதாக யாராவது நினைப்பார்களே என்று, அண்ணி அந்த இடத்தில் முத்து முத்தான எழுத்தில் 'காலி நிலம்' என்று எழுதினாள். கீழே தன் கையெழுத்தையும் போட்டாள். நாள் முழுக்கத் தன் துணியைக் கிழித்த புதரைத்தான் காலி என்று எழுதினாள் அந்தப் படித்த மேதாவி. அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

சில வருஷம் கழித்து அந்தச் சரிவுக்குக் கீழே இருந்த கால்வாயைப் பார்க்கச் சொல்லி அவளிடம் வேலை வந்தது. மேலே காலி நிலம், அதில் விழுகிற மழை இவ்வளவு, ஓடி வருவது இவ்வளவு என்று கணக்குப் போட்டாள். பழைய கால்வாய் தாங்காது, அடுத்த பெருமழையில் தெரு மூழ்கிவிடும், இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். நகரசபை வழக்கம்போலக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெருமழையும் வந்தது. இவள் பேச்சை நம்பி நாங்கள் பாத்திரம், படுக்கை, என் துணி மூட்டை எல்லாவற்றையும் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, நாங்களும் ஏறி உட்கார்ந்தோம். தெரு மூழ்கவில்லை. கால்வாய் பாதிகூட நிறையவில்லை.

"என்ன இன்ஜினியரம்மா, உங்க வெள்ளம் எந்த பஸ்ல வருது?" என்று கேட்டான் அண்ணன்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்து கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. அப்ப தண்ணி எங்க போச்சு?"

"வரலைன்னா நிம்மதியா இருங்களேன் அண்ணி. வராத தண்ணிக்கு யாராவது அழுவாங்களா?"

"நீ அளவெடுத்து ஒரு சட்டை தைக்கிற. போட்டுப் பாத்தா ஒரு கை மட்டும் தொளதொளன்னு தொங்குது. காத்தோட்டமா இருக்கட்டும்னு விட்டுடுவியா?"

விட மாட்டேன்.

அடுத்த மழை பிடித்ததும் எல்லாரும் வீட்டுக்குள் ஓடிவர, இவள் குடையை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினாள். திரும்பி வந்தபோது குடை கிழிந்து கம்பி மட்டும் மிச்சம். தலையிலிருந்து கால்வரை சொட்டுகிறது. துவட்டிக்கொள்ளக்கூட இல்லை.

"அங்க தண்ணி ஓடவே இல்லடி! விழறதெல்லாம் அப்படியே உள்ள போகுது. ஒவ்வொரு புதருக்கு அடியிலயும் மண்ணு கைய வெச்சா அமுங்குது. நான் என்னடான்னா சிமெண்டுத் தரைக்குப் போடற கணக்கை அதுக்குப் போட்டிருக்கேன். காலின்னு எழுதினேனே, கண்ண எங்க வெச்சிருந்தேன்?"

தலையில் அடித்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோபம்தான் அவளைக் காட்டுப் பக்கம் இழுத்தது. அன்பு, பாசம் எல்லாம் பிற்பாடு வந்தவை. ஊர் சொல்கிற கதையில் இது மட்டும் இருக்காது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை வீட்டில் பார்ப்பதே அரிது. வீட்டுத் தோட்டங்களிலிருந்து வேலி தாண்டிய ஒரு பூங்கொடி அந்தப் புதர்கள் மேல் ஏறிப் போர்த்திக்கொண்டிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஊதாப் பூ. எங்கள் வாசலிலும் அதுதான் ஏறியிருந்தது, நான் வைத்தது. அது மூடினால் அடியில் இருப்பது வெயில் இல்லாமல் செத்துவிடும் என்று அண்ணி அதை ஒவ்வொரு வேராகப் பிடுங்கினாள். நான் ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது, கொடி மூடாத நல்ல இடத்தில் உட்கார்ந்து அங்கொன்று இங்கொன்றாக முளைத்த கொடியைத் தேடிக்கொண்டிருந்தாள். கீழே ஒரு பக்கம் முழுக்கக் கொடி மண்டிக் கிடக்கிறது.

"என்ன அண்ணி இது? கூட்டறவங்க குப்பை இருக்கிற மூலையிலதானே ஆரம்பிப்பாங்க?"

"இது கூட்டற வேலை இல்ல. நல்லா இருக்கிற இடத்த முதல்ல காப்பாத்தணும். அதோட ஓரத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா கீழ போகணும். காடு அதுவா பின்னாடியே நடந்து வரும். நாம அவசரப்பட்டு முன்னாடி ஓடக் கூடாது."

"செடி ஏதாவது கொண்டுவந்து நட்டா சீக்கிரம் ஆகுமே?"

"கடப்பாரையால அடிப்பேன் உன்ன."

இதுதான் அவள் பேசுகிற லட்சணம். எங்கள் வாசல் கொடியை மட்டும் நான் ஊருக்குப் போயிருந்த சமயம் பார்த்து வெட்டினாள். திரும்பி வந்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பேசவில்லை என்பதை அவள் கவனித்தாளா என்பதே சந்தேகம். தெருவில் அவளுக்கு 'முள்ளுக்காட்டு இன்ஜினியர்' என்று பெயர் வைத்தவர்களில் நானும் உண்டு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நகரசபைத் தலைவர் அந்தச் சரிவில் பூங்கா கட்டப்போவதாக அறிவித்தார். தலைவர் கெட்டவர் இல்லை. கெட்டவர் என்றால் சண்டை சுலபம். அவர் பச்சையை விரும்பினவர், பிள்ளைகளை விரும்பினவர். சரிவை மட்டம் செய்து புல்தரை, ஊஞ்சல், நீரூற்று, சுற்றி நடக்கப் பாதை, வரிசையாக நிழல் மரங்கள். யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் பிடித்தது. கால்வாய் விஷயம் இருந்ததால் பூங்கா வரைபடத்தில் அண்ணி கையெழுத்துப் போட வேண்டும். அவள் மாட்டேன் என்றாள்.

நகரசபை மண்டபத்தில் ஊரைக் கூட்டினார்கள். நானும் அண்ணனும் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். சுவரில் அந்தப் பெரிய வரைபடம் மாட்டியிருந்தது. தலைவர் சிரித்துக்கொண்டே எழுந்து, பிரம்பால் அந்த இடத்தைத் தொட்டார்.

"மேடம் அது காடுங்கறாங்க. ஆனா இத நான் எழுதல. பாருங்க, 'காலி நிலம்'. கீழ மேடமே போட்ட கையெழுத்து."

மண்டபமே சிரித்தது. என் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணி எழுந்தாள்.

"ஆமா சார். என் கையெழுத்துதான். தப்பு பண்ணிட்டேன்."

அந்த வேலையில் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. வரைபடத்தில் தவறு என்றால் அழிக்கக் கூடாது. பழையது கண்ணுக்குத் தெரியும்படி சிவப்பில் ஒரு கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தவறு செய்தவரே கையெழுத்துப் போட வேண்டும். அண்ணி பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். நடந்துபோய், தலைவருக்குப் பக்கத்தில் நின்று, 'காலி நிலம்' என்பதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் 'காடு' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். சிரித்த ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. எனக்குப் பயமா பெருமையா என்று கேட்டால் இரண்டும்தான்.

சும்மா விடுவார்களா? அங்கீகரித்த வரைபடத்தில் அனுமதியில்லாமல் கை வைத்தாள் என்று சொல்லி, ஊர்க்கோடியில் தண்ணீர் ஏற்றும் பம்பு அறைக்கு மாற்றினார்கள். மோட்டார் சத்தத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து மீட்டரில் முள் நகர்வதைப் பார்க்கிற வேலை. இன்ஜினியருக்கு! வீட்டுக்கு வந்தால் காது அடைத்துப்போய், நாங்கள் பேசுவதற்கெல்லாம் "ஆங், ஆங்" என்பாள்.

"ஊருக்கெல்லாம் இல்லாத அக்கறை உனக்கு எதுக்கு? பேசாம ஒரு மன்னிப்பு சொல்லிட்டு வந்துடேன்" என்று அண்ணன் கெஞ்சினான்.

"மன்னிப்பா? என் தப்ப நான் திருத்தினதுக்கா? நீங்க அச்சுல எழுத்து மாறிப் போச்சுன்னா திருத்துவீங்களா, மன்னிப்புக் கேப்பீங்களா?"

அவள் இடத்துக்கு வந்த புது இன்ஜினியர், அந்தச் சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கையெழுத்துப் போடத் துணியாமல், இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். பூங்கா அப்படியே நின்றது.

அந்தக் கோடையில் சரிவு தீப்பிடித்தது. யாரோ குப்பைக்கு வைத்தது காற்றில் தாவியிருக்கிறது. மத்தியானத்தில் பிடித்த தீ சாயங்காலத்துக்குள் அத்தனையையும் நக்கிவிட்டது. மிஞ்சியது கரி, சாம்பல், கறுத்த பாறை. பம்பு அறையிலிருந்து ஓடிவந்த அண்ணி தெரு முனையிலேயே நின்றுவிட்டாள். அவள் எதிரே போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. தெருவில் எல்லாருமே துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து, "போனது போச்சும்மா, மனச தேத்திக்குங்க" என்றார்கள். தலைவர்கூட வந்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். வருத்தப்பட்ட கையோடு, "இனிமே தகராறு இல்லையே, எரிஞ்ச இடத்த சும்மா விடக் கூடாது, நாமெல்லாம் சேர்ந்து மரம் நடுவோம்" என்று அறிவித்தும் விட்டார்.

நடுகிற நாளில் லாரி நிறையக் கன்றுகள் வந்தன. குழி தோண்ட ஒரு மண்வெட்டும் இயந்திரம் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், மேளம், போட்டோ எடுக்கிறவர், எல்லாரும் வந்தார்கள். எனக்கும் ஒரு கன்றைக் கையில் கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். பாவம் அண்ணி, ஏதாவது பச்சையாக வந்தால் மனசு ஆறுவாள் என்று நினைத்தேன். அப்போதுதான் அவளைப் பார்த்தேன். சாம்பல் தொடங்குகிற இடத்தில் அளவு நாடாவைக் குறுக்கே இழுத்துக் கட்டிவிட்டு, அதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"யாரும் உள்ள வரக் கூடாது. இது சாகல."

"அம்மா, கரிக்கட்டைதான் இருக்கு. பாத்துட்டுத்தான் பேசறீங்களா?" என்றார் தலைவர்.

"இந்தச் செடியோட விதைக்குக் கெட்டியான ஓடு சார். வருஷக்கணக்கா மண்ணுலயே கிடக்கும். தீ பட்டாத்தான் ஓடு வெடிக்கும். மேல் ஓரத்துல ஒரு தடவை கொஞ்சம் எரிஞ்சப்ப நான் கூடவே இருந்து பாத்திருக்கேன். இப்பத்தான் உள்ள கண்ண முழிச்சிருக்கு. இந்த நேரத்துல அந்த மெஷின விட்டு மண்ணப் பொரட்டினீங்கன்னா, தீ செய்யாதத நீங்க செஞ்சு முடிச்சிடுவீங்க."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "மரம் நடறதயே தடுக்கறாளே, இவ என்ன ஜென்மம்" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். இயந்திர டிரைவர் என்ஜினைக் கிளப்பிவிட்டுத் தலைவர் முகத்தைப் பார்த்தார்.

"ஒரே ஒருத்தர் சொல்றாங்கன்னு ஊரே கைய கட்டிக்கிட்டு நிக்க முடியுமா?" என்று தலைவர் எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

அவள் சொன்னது எனக்கு முழுக்கப் புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். விதை, ஓடு எல்லாம் நான் கண்டேனா? ஆனால் ஊரே எதிரே நிற்க, எங்கள் வீட்டுப் பெண் ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு தனியாக நிற்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கன்றை லாரியிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"நீங்களுமா?" என்றார் தலைவர். "உங்களுக்கும் இவங்களுக்கும் ஆகாதுன்னு தெருவே சொல்லுதே?"

"ஆகாதுதான் சார். அந்தச் சண்டைய நாங்க வீட்டுல போட்டுக்கறோம். இங்க என்னத் தாண்டித்தான் மெஷின் போகணும்."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் கையை மட்டும் பிடித்தாள். கரி அப்பிய கை, சொரசொரவென்று இருந்தது. டிரைவர் என்ஜினை நிறுத்தினார்.

பிள்ளைகளுக்கு முன்னால் தகராறு வேண்டாம் என்று தலைவர் இறங்கி வந்தார். "சரிம்மா, உங்களுக்கு என்னதான் வேணும்?"

"ஒரு மழை. ஒரே ஒரு மழை வரைக்கும் யாரும் கால் வைக்கக் கூடாது."

"அதுக்கப்புறமும் ஒண்ணும் வரலைன்னா?"

"பூங்கா வரைபடத்துல நானே கையெழுத்துப் போடறேன். போட்டுட்டு வேலையையும் விட்டுடறேன்."

அண்ணன் கூட்டத்தில் இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பான். சாட்சிக்கு ஊரே நின்றது. தலைவர் சரி என்றார்.

மழையா, அது வரவே மாட்டேன் என்றது. வானத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. தையலில் கை ஓடவில்லை; ஒருத்தி ரவிக்கைக்கு இடது கையை இரண்டு தடவை வைத்துத் தைத்தேன். அண்ணனுக்கு அதைவிட மோசம். ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாமளே குழாயப் போட்டுக் கொஞ்சம் தண்ணி விட்டா என்ன? பம்பே உன் கையிலதானே இருக்கு?" என்றான்.

"நான் மழைன்னு சொல்லியிருக்கேன். குழாய்னு சொல்லல."

"வேலை போயிடும்டி!"

"போகட்டும். திருட்டுத் தண்ணியில வந்தா அது என் வார்த்தை இல்ல."

எனக்கு வந்த கோபத்தில் கத்தரிக்கோலைத் தூக்கி மேஜையில் எறிந்தேன். இவ்வளவு பிடிவாதம் ஒரு மனுஷிக்கு ஆகாது. ஆனாலும் குழாய்ப் பக்கம் நான் போகவில்லை.

கடைசியில் மழை பெய்தது, பெரிய மழை. கரித்தண்ணீர் தெருவரை வந்தது. அதைப் பார்த்ததும் விதையும் அதோடு வந்துவிட்டதோ என்று பயந்தேன். மழை விட்டு நாட்கள் போயின. தெருவிலிருந்து பார்த்தால் சரிவு அதே கறுப்புதான். தலைவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நாளைக் காலை வருகிறேன், வரைபடத்தையும் கொண்டுவருகிறேன் என்று ஆள் அனுப்பினார். அண்ணி சரி என்றாள். பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்படிக்குப் போய் அழுதேன்.

காலையில் தலைவர் பளபளக்கும் ஷூவோடு வந்தார். பின்னால் பாதித் தெரு வந்தது. அண்ணி நாடாவைத் தூக்கிப் பிடித்து அவரை மட்டும் உள்ளே விட்டாள். நான் கேட்காமலே நுழைந்தேன். கொஞ்ச தூரம் நடந்து தலைவர் நின்று சுற்றிலும் பார்த்தார். கரி, பாறை, சாம்பல். கையை விரித்தார்.

"எங்கம்மா?"

"கீழ பாருங்க."

நான் குனிந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒன்று தெரிந்தது. ஒன்று தெரிந்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது. எள்ளளவு இலை, இரண்டிரண்டாக, கறுப்பு முழுக்க, பாறை இடுக்கு முழுக்க, கண் போகிற தூரம்வரை. சிலதில் இப்போதே முள் எட்டிப் பார்த்தது. ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

தலைவரும் குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பூ இல்லை, நிழல் இல்லை, நகத்தால் கிள்ளினால் போய்விடும். நிமிர்ந்து அண்ணியைப் பார்த்து, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"இதுக்காகவாம்மா இவ்வளவு சண்டை?"

"ஆமா சார், இதுக்குத்தான்" என்றாள் அண்ணி. "கால எடுங்க. மிதிக்கிறீங்க."

தலைவர் காலை எடுத்தார்.